டிஸ்குக்குப் பொட்டு வைத்த பத்துமலை

பத்துமலை வருவதற்கு முன்னால் அவருடைய குரல் வந்துவிடும். லோரி இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை அப்படி ஆகிவிட்டது என்று அவர் மனைவி வீரம்மா சொல்வாள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா ரப்பர்ப் பால் வெட்டப் போகையில் கூடவே போய்ப் பால் வடியும் மங்குகளைத் துடைத்தார். அப்புறம் புல்வெட்டு, அப்புறம் பால் லோரியில் கிளீனர், அப்புறம் அதே லோரிக்கு டிரைவர். மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த கில்மோர் தோட்டத்தில் எழுபதுகளின் கடைசியில் கித்தா என்கிற ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பாதி சனம் வேலை தேடி டவுனுக்குள் சிலிபின் பக்கம் போய்விட்டது. பத்துமலை போகவில்லை. பால் ஏற்றிய லோரியிலேயே செம்பனைக் குலை ஏற்றினார். “மரந்தான் மாறுச்சு, கிளட்ச் அதேதான்,” என்பார்.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கியதும் அந்தக் குரலுக்காகத்தான். கூரை ஒழுகினாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஆபீசில் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டுமே. கேட்கப் போன இடங்களிலெல்லாம் அவர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். டைப் அடிக்கத் தெரிந்தவர் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார், தெரியாதவர் கவுண்டருக்கு வெளியே நிற்கிறார். உலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். தன் மகள் நவமணியும் தோட்டத்துப் பிள்ளைகளும் அந்தக் கவுண்டருக்கு உள்பக்கம் போய் உட்கார வேண்டும்.

எண்பத்தாறாம் ஆண்டு ஈப்போவில் ஒரு கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது இரண்டைக் கேட்டு வாங்கினார். பழைய மெத்தைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, பிள்ளைத்தாச்சியை ஏற்றிப் போகிற மாதிரி லோரியை ஓட்டி வந்தார். பள்ளியின் பின்னறையில் இறக்கிவைத்த பிறகுதான் தெரிந்தது, வெறும் பெட்டி ஒன்றையும் சொல்லிக்கொடுக்காது என்று. டைப்பிங் சொல்லித்தர அதற்குள்ளே ஒரு புரோகிராம் போட வேண்டுமாம்.

“அதையும் சேத்துக் குடுக்காம எப்படி குடுத்தானுங்க? டயர் இல்லாத லோரியா?” என்றார்.

“அப்படித்தான் அண்ணே,” என்றார் மங்களம் டீச்சர். ஐந்தாம் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர், கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போவில் டைப்ரைட்டிங் படித்தவர். கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் அவர்தான்.

அவர் மூலமாக வந்தார் ஸ்கந்தராஜா மாஸ்டர். ஈப்போ இடைநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய இரண்டு டிஸ்குகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்பாகச் சதுரமாக, வெள்ளைக் காகித உறைக்குள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு டைப்பிங் புரோகிராம். நகல் எடுக்க முடியாதபடி செய்திருக்கிறார்களாம்.

“ரெண்டையும் வாங்க உங்களுக்கு வசதி காணாது. ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ,” என்றார். “நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் சரிவர வேணும், இடைநிலைப் பள்ளி ஃபாரம் திரி பிள்ளைக்கும் சரிவர வேணும். ஒரு கிழமை, ஏழு நாள், பாவிச்சுப் பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாறன், கூட்டத்தில முடிவைச் சொல்லுங்கோ. வகுப்புத் தொடங்கினா சனிக்கிழமையில நானே வந்து படிப்பிக்கிறன்.” பிறகு உறையிலிருந்து டிஸ்கை வெளியே எடுத்து, அதில் நீளவாக்கில் திறந்திருந்த ஒரு சின்ன இடத்தைக் காட்டினார். உள்ளே பழுப்பாக எதுவோ பளபளத்தது. “இதில விரல் படக்கூடாது. பட்டால் போச்சு.”

“படாது சார். என் பொறுப்பு,” என்றார் பத்துமலை.

அன்றைக்கே பிள்ளைகள் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்று தவளை. திரையில் குளம், குளத்தில் இலைகள், இலை மேலே எழுத்து. எழுத்தைத் தட்டினால் தவளை பாட்டோடு தாவும், தப்பினால் தண்ணீரில் விழும். இன்னொன்று வாத்தியார். படம் கிடையாது, பாட்டும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து, கீழே இரண்டு கை வரைந்து எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று காட்டும். தப்பாகத் தட்டினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டு, வரியின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

மங்களம் டீச்சர் பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார். வாரம் முழுக்க ஒரு பாதி தவளையோடு, ஒரு பாதி வாத்தியாரோடு. டவுன் இடைநிலைப் பள்ளியில் ஃபாரம் ஒன் படித்த நவமணி சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடிவருவாள். அவளுக்குத் தவளை வாய்த்தது. பால் மரக் காலத்திலிருந்து பத்துமலைக்குக் கூட்டாளியான ராமையாவின் மகளுக்கு வாத்தியார் வாய்த்தார்.

பத்துமலை லோரியை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்று பார்ப்பார். தவளைப் பக்கம் ஒரே சிரிப்பு. வாத்தியார் பக்கம் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஓன் மகளுக்குத் தவளை, என் மகளுக்குத் தண்டனையா மச்சான்?” என்றார் ராமையா.

“தலைவரு மக லா,” என்றார் பத்துமலை. “பாத்தியா, நேத்து எல்லாத்தையும் விட அதிகம் தாவுனது நவமணிதான். தவளையையே வாங்கிருவோம். பிள்ளைங்க சந்தோசமா படிக்குது, வேற என்ன வேணும்?”

இதை அவர் கோப்பிக் கடையிலும் சொன்னார், கோயிலிலும் சொன்னார். அவர் ஒரு தடவை சொன்னால் தோட்டம் முழுக்கக் கேட்கும். மங்களம் டீச்சர் மட்டும், “ஞாயிறு வரைக்கும் பொறுங்க அண்ணே,” என்று சொல்லிவந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் சரஸ்வதி பூசை. பிள்ளைகளின் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். கம்ப்யூட்டர்களைத் தூக்க முடியாது என்பதால், அவற்றுக்குப் பதிலாக இரண்டு டிஸ்குகளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து படத்தடியில் வைத்தார் டீச்சர். வைத்துவிட்டு, கடலை அவிந்ததா என்று பார்க்கப் போனார்.

பொட்டு வைக்கிற வேலை எப்போதும் பத்துமலையுடையது. ஆயுத பூசைக்கு அவர் லோரிக்குச் சந்தனம் வைக்கிற அழகைப் பார்க்கவே ஆள் வரும். பானெட், கண்ணாடி, ஸ்டியரிங், ஒவ்வொரு டயர் என்று ஒன்றையும் விடமாட்டார். அன்றைக்கும் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். புத்தகங்களுக்கு அட்டையில் வைத்தார். கம்ப்யூட்டர்களுக்குத் தலையில் வைத்தார். தாம்பாளத்துக்கு வந்தார். உறை மேலே வைப்பது, ஒரு ஆளுக்குச் சட்டை மேலே பொட்டு வைக்கிற மாதிரி என்று அவருக்குப் பட்டது. உறையை மரியாதையாகக் கழற்றினார். பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்த பக்கம் முதுகு, பந்து விளையாடுகிறவன் சட்டையில் நம்பர் இருக்கிற பக்கம் மாதிரி. திருப்பினார். இது முகம். முகமென்றால் நெற்றி எது? கறுப்புச் சதுரத்தில் ஒரே ஒரு இடந்தான் தோல் மாதிரிப் பளபளப்பாகத் தெரிந்தது.

விரல் படக்கூடாது என்று மாஸ்டர் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் விரலால் வைக்கவில்லை. வெற்றிலைக் காம்பைச் சந்தனத்தில் தோய்த்து, பளபளத்த இடத்தின் நடுவில் ஒரு பொட்டு. அதன் மேலே குங்குமம். இரண்டுக்கும் வைத்தார். காய்ந்ததும் உறைக்குள் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். படத்துக்கு முன்னால் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை யாரும் தொடமாட்டார்கள். அவையும் ராத்திரி முழுக்க அப்படியே இருந்தன.

சனிக்கிழமை காலை டீச்சர் வாத்தியார் டிஸ்கைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளி, அதன் சின்னக் கதவை மூடினார். சீட்டு ஒட்டிய பக்கம் மேலே இருந்ததால் அவர் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. கம்ப்யூட்டர் கர்ர்ர் என்றது. பிறகு கல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்து நின்றது. பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். டீச்சர் டிஸ்கை உருவித் திருப்பிப் பார்த்தார். பழுப்பு வட்டத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்து இழுத்த கோடு.

“அண்ணே, இது என்ன?”

“பொட்டு.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“நெத்தியில.”

டீச்சர் டிஸ்கை மேசையில் வைத்தார். மெதுவாகத் தவளை டிஸ்கை எடுத்து உறையிலிருந்து இழுத்தார். அதே இடத்தில் அதே பொட்டு. தலையில் கைவைத்துக்கொண்டு பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“தொடச்சா போயிடும் லா டீச்சர்,” என்றார் பத்துமலை. தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்டது.

“தொடச்சா அதுல உள்ள பாடமும் போயிடும். அந்த இடத்துலதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. அதுக்குத்தான் விரல் படக்கூடாதுன்னாரு.”

“நான் விரலால வைக்கல. காம்பால வச்சேன்.”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தப் பார்வையில் அது இல்லை. பிரேக் பிடிக்காமல் மலையிறங்கிய அன்றைக்குக்கூட பத்துமலை அப்படிப் பயந்ததில்லை.

இருவரும் லோரியில் ஈப்போவுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் லியோங்கின் கடை ஒரு துணிக்கடைக்கு மாடியில் இருந்தது. லியோங் டிஸ்கை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இது என்ன, கறியா?” என்று மலாயில் கேட்டார்.

“சாமி கும்பிட்டது,” என்றார் பத்துமலை.

லியோங் சுவரைக் காட்டினார். மேலே சின்ன மாடத்தில் சிவப்பு விளக்கும் ஊதுவத்தியும் இருந்தன. “நானும்தான் கும்பிடுறேன். சாமி மேலே. மெஷின் கீழே.”

சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்து, தவளை டிஸ்கின் ஓரத்தை நறுக்கென்று வெட்டினார். பத்துமலை கையை நீட்டித் தடுக்கப் போய் அப்படியே நின்றார். பொறுப்பேற்று வாங்கியதை அவர் கண்ணெதிரே வெட்டுகிறார்கள். லியோங் உள்ளேயிருந்து மெல்லிசான பழுப்புத் தகட்டை உருவினார். அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் ஒரு சொட்டு விட்டு, பிள்ளை முகம் கழுவுகிற மாதிரிக் கழுவினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். காயவைத்து, வேறொரு பழைய டிஸ்கின் கூட்டுக்குள் அதைச் செருகி, தன் கம்ப்யூட்டரில் போட்டார்.

குளம் வந்தது. பாட்டு வந்தது. தவளை இலையில் உட்கார்ந்திருந்தது.

வாத்தியாரையும் அப்படியே வெட்டினார், கழுவினார், போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றியபோது சந்தனத்தில் இருந்த மணல் தகட்டைக் கீறிவிட்டது என்றார். “இது சுசா லா, ரொம்பக் கஷ்டம். செத்துப்போச்சு.” பள்ளிக் கம்ப்யூட்டருக்குள் டிஸ்கைப் படிக்கிற தலையைத் துடைக்க ஒரு புட்டி ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்தார். படியிறங்கும்போது பத்துமலையிடம் மட்டும் சொன்னார்: “பொட்டு வச்சேன்னு சொல்லாதே. டிஸ்க் தானாகவும் சாகும். எல்லாருக்கும் தெரியும்.”

அந்த யோசனை பத்துமலைக்குப் பிடித்தது. திரும்பி வருகையில் வாய்விட்டே சொன்னார்: “தவளை பொழச்சிருச்சு. நமக்கு வேண்டியது அதுதானே டீச்சர். செத்தது செத்துட்டுப் போவட்டும்.”

பள்ளிக்கு வந்ததும் டீச்சர் கம்ப்யூட்டரைத் துடைத்து, தவளையைப் போட்டு, நவமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அண்ணே, உங்க தோள் துண்டைக் குடுங்க.”

வாங்கி, நவமணியின் இரண்டு கைகளும் தெரியாதபடி கீபோர்டுக்கு மேலே போர்த்தினார். “இப்ப அடிம்மா.”

நவமணி தடவினாள். தவளை தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. துண்டுக்குள்ளே அவளுடைய ஒற்றை விரல் இருட்டில் சாவித் துவாரம் தேடுகிற மாதிரி அலைவது வெளியே தெரிந்தது. வாரமெல்லாம் முதலாவதாக வந்தவள். பத்துமலை திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாக்காம எப்படிப்பா அடிக்கிறது?” என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுத்து டீச்சர் ராமையாவின் மகளைக் கூப்பிட்டார். தவளையை ஒரு நாளும் தொடாத பிள்ளை அது. துண்டுக்குள் கையை விட்டு, எதையோ எண்ணுகிற மாதிரி விரல்களை வரிசையாக வைத்தாள். திரையைப் பார்த்தாள். தவளை தாவியது. மெதுவாகத்தான். ஒரு இலை, அடுத்த இலை, அதற்கடுத்த இலை. நடுவில் ஒரு தடவை விழுந்தது, ஏறி மறுபடி தாவியது.

“ஆபீசுல டைப் அடிக்கிறவங்க கண்ணு காகிதத்துலதான் இருக்கும் அண்ணே,” என்றார் டீச்சர். “தவளைக்கு எந்த விரல்னு கவலை இல்ல. ஒத்த விரலால வேகமா குத்தினாலும் தாவும். பிள்ளைங்க அதைத்தான் கத்துக்கிட்டு இருந்துச்சு. வாத்தியாரு பிடிச்சு வச்சு விரலைப் பழக்குனாரு. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்பதான் கண்ணால பாக்கறேன்.”

தோட்டம் முழுக்கக் கேட்கும்படி பத்துமலை தூக்கிப் பேசியது பொம்மையை. பிள்ளைகளைக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்காரவைக்கக் கூடியது இன்னொன்று. அதைத்தான் சந்தனம் பூசிக் கொன்றிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நடந்ததைச் சொன்னார். வீரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தானா செத்துச்சுன்னு சொல்லிருங்களேன். டீச்சரு காட்டிக்குடுக்காது,” என்றாள்.

“சொல்லலாம். ஒரே வாரத்துல தானா சாகிற சாமானை எவன் வாங்குவான்? தவளையத்தான் வாங்குவானுங்க.”

“அப்ப?”

“அப்ப நான்தான் கொன்னேன்னு சொல்லணும். சொன்னா அந்த மாஸ்டரு எந்திரிச்சுப் போயிடுவாரு. அவரு போயிட்டா சொல்லிக்குடுக்க ஆள் ஏது?”

வீரம்மா குழம்புச் சட்டியை மூடினாள். “வெத்தலைக் காம்பு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஆள் அதிகம். ஸ்கந்தராஜா மாஸ்டர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “தலைவரு சொல்றது எங்களுக்குத் தெரியும்லா, தவளைதானே?” என்று ராமையா எடுத்துக்கொடுத்தார். சிலர் சிரித்தார்கள்.

பத்துமலை எழுந்தார். “வாத்தியாரைத்தான் வாங்கணும்,” என்றார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை. பத்துமலை பேசி ஒரு பேச்சுக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. மறுபடி சொன்னார்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. “ஓம், நானும் அதைத்தான் நினைச்சனான். எங்க, போட்டுக் காட்டுங்கோ, எல்லாரும் பார்க்கட்டும்.”

“காட்ட முடியாது சார். அது செத்துப்போச்சு.”

“ஒரே வாரத்துலயா?” என்றார் சன்னாசி, சங்கத்தின் பொருளாளர். “அப்ப அதை எதுக்கு வாங்கணும்? தவளை உசுரோட இருக்குதுல்ல, அதையே வாங்குங்க.” பல பேர் தலையாட்டினார்கள். வீட்டில் அவர் சொன்னது அப்படியே நடந்தது. இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் தவளை வந்துவிடும், அவரும் தப்பித்துவிடுவார். நவமணி ஜன்னலுக்கு வெளியே மற்றப் பிள்ளைகளோடு நிற்பது தெரிந்தது.

“அது தானா சாகல. நல்ல சாமான். நான்தான் பூசைக்குப் பொட்டு வச்சுக் கெடுத்துட்டேன்.” லியோங் வெட்டிய வாத்தியார் டிஸ்கின் கூட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். “தவளைக்கும் வச்சேன். அது கழுவுனதுல பொழச்சுக்கிச்சு.”

மாஸ்டர் அந்தக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது. அவருடைய வாய் லேசாகத் திறந்தபடியே இருந்தது. கணக்கில் எத்தனையோ விதமான பிழைகளைத் திருத்தியவர். இப்படி ஒன்றை அவர் கண்டிருக்கமாட்டார்.

“இதுக்கு நெத்தி இருக்கெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று கடைசியில் கேட்டார்.

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பத்துமலை தலையைக் குனியவில்லை. “யாரும் சொல்லல சார். நானா தேடிக் கண்டுபிடிச்சேன். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா தவளைய வாங்கிறாதீங்க. எம்மக அதுல முதல்ல வந்தவ. கைய மூடுனா ஒரு இலைகூடத் தாவ முடியல. டீச்சர், அந்தத் துண்டு வெளையாட்டை இவங்களுக்கும் காட்டுங்க.”

டீச்சர் நவமணியைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் மகளின் தவளை தண்ணீரில் விழுவதைப் பத்துமலை இரண்டாம் தடவை பார்த்தார். ராமையாவின் மகளுடையது தாவுவதையும் பார்த்தார். சன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தவளைக்காரப் பையன். அவனுடையதும் விழுந்தது. அதற்கு மேல் யாரும் தவளை என்று வாயெடுக்கவில்லை. வாத்தியாருக்கே கைதூக்கினார்கள். ராமையாவுக்குக் கை எழ நேரமாயிற்று, மகளைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

மாஸ்டர் எழுந்தார். “நானே எழுதி ஓடர் பண்ணுறன். வரத் தை மாதம் ஆகும். சனிக்கிழமையில வந்து படிப்பிப்பன், சொன்னது சொன்னதுதான். ஆனா ஒரு நிபந்தனை.” பத்துமலையைப் பார்த்தார். “நீங்கள் தலைவரா இருங்கோ. எனக்கு அதில ஒண்டுமில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள்ள மட்டும் கால் வைக்கக்கூடாது. ஒரு நாளும்.”

“சரி சார்,” என்றார் பத்துமலை.

ராமையா குறுக்கே வந்தார். “சார், பெட்டியத் தூக்கியாந்ததே இவருதான்.”

“கம்முனு இரு லா,” என்றார் பத்துமலை. “அவரு சொல்றது சரி.”

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னால் வந்திருந்தது. வீரம்மா கோப்பியை வைத்துவிட்டு நின்றாள். “உள்ள வரவே கூடாதுன்னுட்டாங்களாமே?”

“ஆமா.”

“தலைவரு வெளியில நின்னா, அப்புறம் உள்ள யாரு போவா?”

பத்துமலை ஒரு வாய் கோப்பி குடித்தார். “பிள்ளைங்க போவும்,” என்றார்.